பகிடி எந்தப் பக்கம் பார்க்கிறது

மைக்கின் கம்பி வலைத் தலையிலிருந்து உதட்டுச்சாயத்தை எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். தலையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சை வெளியே எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ரொறொன்ரோவில் ஏறக்குறைய முப்பது வருடமாக ஒலி அமைப்பு வேலை செய்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா, அரங்கேற்றம், செத்தவீட்டு அஞ்சலி உரை என்று என் ஸ்பீக்கர் போகாத மண்டபம் ஸ்காபரோவில் இல்லை. எங்கள் பாடகிகள் மைக்கை அரைச்சாண் தள்ளியே பிடிப்பார்கள். அத்தனை வருடமும் படியாத சாயம் ஒரே இரவில் இரண்டு மைக்கிலும் அப்பிக்கொண்டது 2023 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை. நகர நடுவில், ஒருபாலீர்ப்பினர் கூடுகிற சேர்ச் வீதியை அண்டிய ஒரு மதுச்சாலை. டிராக் கலைஞர்கள் நடத்திய நத்தார்க்காலக் கரோக்கே இரவு.

நான் தேடிப் போகவில்லை. அந்த இடத்துக்கு வழக்கமாகக் கரோக்கே போடுகிறவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், எனக்குத் தொழில் நண்பர். நத்தாருக்கு நாலு நாள் இருக்கும்போது வாசல் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். “பாட்டைப் போடு, சுருதியைக் கூட்டிக் குறை, அவ்வளவுதான். மேடையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றார். அவர்கள் யார் என்று கேட்டேன். சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்ட ஒரே கேள்வி: “என்ன உடுப்போட போகப் போறியள்? அவையள் அவ்வளவு வெளிக்கிட்டு நிக்கேக்க நீங்கள் இந்தப் பொத்தல் ஸ்வெட்டரோட நிண்டா வடிவே?” கலியாணத்துக்கு மட்டும் போடுகிற கறுப்புச் சேட்டை ஸ்திரி போட்டுத் தந்தா.

டிராக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. அது மேடை வேடம். பெரும்பாலும் ஆண்கள் பெண்ணாக, பெண் என்பதையும் தாண்டிய ஒரு மிகைப்படுத்தலாக, ஒப்பனை போட்டு ஆடுவது, வாயசைப்பது, பகிடி விடுவது. திருநங்கையாக வாழ்வது வேறு. அது வேடமில்லை, ஆள். இரண்டும் ஒருவரிலேயே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த வித்தியாசம் எனக்கே அன்றைக்குத்தான் தெளிவானது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

வாசலில் ஒரு காவலாளி என் பெட்டிகள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். வயர்ச் சுருளைக்கூட அவிழ்க்கச் சொன்னார். எனக்குச் சினம் வந்தது. கோயில் வாசலில் என்னை யாரும் சோதிப்பதில்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கிளப் கியூ என்ற இடத்தில், டிராக் நிகழ்ச்சி நடந்த ஓர் இரவில், ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 5 பேரைக் கொன்றான். அடுத்த வருடம் டெனசி மாநிலம் டிராக் நிகழ்ச்சிகளைப் பொது இடங்களில் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. அது அரசமைப்புக்கு முரண் என்று ஒரு மத்திய நீதிபதி ஜூனில் தீர்ப்பளிக்க, வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது. எல்லைக்கு இந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. நூலகங்களில் டிராக் கலைஞர்கள் சிறுவருக்குக் கதை வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இப்படியான இடங்களைச் சுற்றி 100 மீற்றர் பாதுகாப்பு வலயம் வேண்டுமென்று ஒன்ராறியோ சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது சட்டமாகவில்லை. ஆகவே காவலாளி வயர்ச் சுருளை அவிழ்க்கிறார். அவிழ்க்கட்டும்.

உடுப்பு மாற்றும் இடம் என்பது பியர்ப் பீப்பாய்கள் அடுக்கிய ஒரு பின்னறை. மூன்று பேர். ஒருவர் புருவத்தின் மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் பசைக்குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மயிரைப் படியவைத்து, மேலே மாவைப் பூசி, சொந்தப் புருவத்தை முதலில் இல்லாமல் ஆக்க வேண்டும். பிறகு அரை அங்குலம் மேலே புதிதாக ஒன்று வரைவது. இடுப்புக்கு மெத்தை நுரையை வெட்டி வைத்து, அது தெரியாமல் மேலே மூன்று நாலு அடுக்குக் காலுறை. இரண்டரை மணித்தியாலம் போகும் என்றார். எங்கள் மணவறைப் பெண்ணுக்கும் அவ்வளவு நேரம்தான். ஆனால் அவளுக்குச் செய்துவிட ஆள் வருகிறது, இவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்கிறார்கள்.

நிகழ்ச்சியை நடத்தப்போகிற உயரமானவரிடம், உங்களை எப்படிச் சொல்வது, அவனா அவளா என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். விக் தலையில் இருந்தால் அவள், மேசையில் இருந்தால் அவன், எல்லாரும் அப்படி இல்லை, என் கணக்கு இது என்றார். யாழ்ப்பாணப் பேச்சில் இதற்கு ‘அவா’, ‘அவர்’ என்று இரண்டு சொல் வேண்டும். எழுதும்போது நல்லகாலம், ‘அவர்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பந்தி பந்தியாகப் படும் பாட்டை எங்கள் எழுத்துத் தமிழ் ஓர் ‘ர்’ போட்டுத் தீர்த்துவைத்திருக்கிறது.

அவருடைய உடுப்பு நத்தார் மரம். பச்சை வலைத்துணி, அதில் நூறு சின்ன விளக்கு, இடுப்பில் பற்றரிப் பெட்டி. ஒன்பதரைக்குத் தொடங்கி பத்து மணிக்குள் விளக்கு செத்துவிட்டது. பாட்டுக்கு நடுவே என் மேசைக்கு வந்து கையை நீட்டினார். கம்பியில்லா மைக்குக்கென்று நான் வைத்திருந்த எட்டு டபிள் ஏ பற்றரியில் நாலு போய்விட்டது. அதன் பிறகு கடைசிப் பாட்டு வரை எந்த மைக் எப்போது சாகும் என்று நெஞ்சிடியோடுதான் இருந்தேன். ஒலி அமைப்பாளனுக்குப் பற்றரியைக் கொடுப்பது இரத்தம் கொடுப்பது மாதிரி. இதை மற்றத் தொழில்காரர் விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கரோக்கே என்ற யப்பான் சொல்லுக்கு வெற்று வாத்தியக்குழு என்று பொருள். கோபே நகர மதுச்சாலைகளில் வாத்தியம் வாசித்து வந்த டைசுகே இனோவேயை ஒரு வாடிக்கையாளர் பயணம் ஒன்றுக்குக் கூட வரச் சொன்னார். தான் பாட இவர் வாசிக்க வேண்டும். இனோவேக்குப் போக வசதிப்படவில்லை. வாசிப்பை நாடாவில் பதிந்து கொடுத்துவிட்டார். அதில் பிறந்த யோசனை 1971இல் காசு போட்டால் பாடும் பெட்டியானது. காப்புரிமை எடுக்கவில்லை, ஆகவே உலகமெல்லாம் சம்பாதித்ததில் அவருக்குப் பங்கு இல்லை. 2004இல் அவருக்கு இக்நோபல் பரிசு கொடுத்தார்கள், சமாதானத்துக்கு. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புதிய வழி ஒன்றைக் காட்டியவராம். பகிடிப் பரிசுதான். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. சுருதி சேராத ஒருவரை நாலு நிமிடம் பொறுத்துக்கொள்வது சாதாரணச் சகிப்பு இல்லை.

எங்கள் விழாக்களில் கரோக்கே வந்து பதினைந்து வருடம் இருக்கும். பாட வருகிறவர்கள் பெரும்பாலும் பாடத் தெரிந்தவர்கள், அல்லது தெரியும் என்று நினைக்கிறவர்கள். பாடத் தெரியாத பெண்சாதி, வெட்கப்படுகிற மாமா, தமிழ் வாசிக்கத் தெரியாத மருமகன் எல்லாரும் கதிரையிலேயே இருந்துவிடுவார்கள். அறிவிப்பாளர் இரண்டு தரம் கூப்பிடுவார், மூன்றாம் தரம் தானே பாடிவிடுவார். அன்றைக்கு நான் கண்டது இதற்கு நேர் எதிர்.

அந்த உயரமானவர் தொடக்கத்திலேயே எனக்குச் சைகை சொல்லித் தந்தார். தோட்டைத் தொட்டால் எதிரொலியைக் கூட்டு, பாடுகிறவருக்குக் குரல் நடுங்குகிறது. கழுத்து மாலையைத் தொட்டால் அரைச் சுரம் இறக்கு. விக்கைச் சரிசெய்தால் கடைசிச் சரணத்தை வெட்டிவிட்டு முடி, பாவம், அவருக்கு இதற்கு மேல் ஏலாது. சபையிலுள்ள யாருக்கும் இது தெரியாது. நன்றாகப் பாடுகிற ஒருவருக்குப் பிறகு முதல்தடவை பாடுகிறவரை ஒருபோதும் கூப்பிடவில்லை; இடையில் தங்கள் வாயசைப்பு ஆட்டம் ஒன்றைப் போட்டு, சபையின் காதைக் கழுவிவிட்டுத்தான் கூப்பிட்டார். பெயர்ச்சீட்டை என்னிடமிருந்து வாங்கி ஒழுங்கை மாற்றி அடுக்கினார். பதினைந்து வருடக் கரோக்கேயில் எனக்கு ஒருநாளும் தோன்றாத யோசனை.

டிசம்பரில் கரோக்கே என்றால் மரியா கேரியின் 1994ஆம் ஆண்டு நத்தார்ப் பாட்டை யாராவது கேட்டே தீருவார்கள். கேட்கச் சுகமான பாட்டு, பாடப் போனால் கொல்லும். அன்றைக்குக் கேட்டவர் வேலை முடிந்து நேரே வந்த ஒரு தாதி, மேலங்கிக்குக் கீழே வைத்தியசாலை உடுப்பு. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நத்தார் மரம் மாலையைத் தொட்டது. இறக்கினேன். மறுபடி தொட்டது. மூன்று தரம் இறக்கியும், உச்சிக்குப் போகிற இடம் வரும்போது தாதியின் கண்ணில் பயம். அந்த நொடியில் அவர் தாதியின் கையைப் பிடித்து மைக்கைச் சபைப் பக்கம் திருப்பிவிட்டார். நூற்றைம்பது பேர் கத்தினார்கள். யார் பிழையாகப் பாடினார் என்று தேட ஆளில்லை. பிறகு தாதியைப் பார்த்து, என் புருவத்தைவிட உன் சுருதி உயரத்தில் நிற்கிறது என்று ஒரு பகிடி. ஒரே வரியில் தன் புருவத்தையும் இழுத்தார், அந்தப் பிள்ளையையும் தூக்கிவிட்டார். ஒவ்வொரு பகிடியிலும் இதைக் கவனித்தேன். முதல் அடி தனக்கு. எங்களுக்கு விழுவது அதன் மிச்சம்.

பதினொன்றரை அளவில் வந்தது நான் மறக்காத விஷயம். போக்ஸ் குழுவும் கேர்ஸ்ரி மக்கோலும் 1987இல் பாடிய ‘ஃபெயரிடேல் ஒஃப் நியூயோர்க்’. அறுபதுக்கு மேற்பட்ட ஒரு தகப்பனும் அவருடைய மகளும் ஜோடியாகக் கேட்டார்கள். புருஷனும் பெண்சாதியும் நத்தார் இரவில் வசைபாடிக்கொள்கிற பாட்டு அது. நடுவே ஆண்களை விரும்பும் ஆண்களை இழிவாகச் சொல்கிற ஒரு சொல் வரும். மக்கோலே 1992இல் தொலைக்காட்சியில் பாடியபோது அந்த இடத்தில் வேறு சொல் போட்டுப் பாடினார். 2020இல் பிபிசியின் முதலாம் வானொலி அந்த வரி மாற்றிய பதிப்பைத்தான் ஒலிபரப்பியது. இரண்டாம் வானொலி பழையதையே போட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் பிரித்தானியாவில் இதைப்பற்றிப் பத்திரிகைச் சண்டை நடக்கும். என் லப்டொப்பில் இருந்த கரோக்கே பதிப்பில் சொல் அப்படியே இருந்தது.

எனக்குத் தெரியும் அது வருகிறது என்று. திரை எனக்கு முன்னால். இரண்டு வரி முன்கூட்டியே ஓடும். கை ஒலிக்குமிழில். வெட்டிவிடலாம். வெட்டினால் அந்த இரண்டு பேரும் ஏதோ குற்றம் செய்தவர்களாக மேடையில் நிற்பார்கள். வெட்டாவிட்டால் அந்தச் சொல் இந்த மண்டபத்தில், இந்த மூன்று கலைஞர்களுக்கு முன்னால், என் ஸ்பீக்கர் வழியாக வரும். நான் முடிவெடுக்கவில்லை. நத்தார் மரம் ஆடிக்கொண்டே இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. சொல் வரவேண்டிய இடத்தில் மகளின் மைக்குக்குள் குனிந்து, தன் மேடைப் பெயரைத் தாளம் பிசகாமல் கத்தியது. சபை சிரித்து அடங்கச் சரணம் முடிந்துவிட்டது. பாட்டு ஓய்ந்த பிறகு தகப்பனின் தோளில் கை போட்டுச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “என்னைக் கூப்பிடுறதெண்டா பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, தாளத்துக்கும் சரியாத்தான் வருது.” பிபிசி எத்தனையோ வருடம் யோசித்த விஷயத்தை அவர் ஒரு நொடியில் முடித்தார்.

அவருக்கு அன்றிரவு மதுச்சாலை கொடுத்தது எனக்குத் தந்ததைவிடக் குறைவு. மிச்சம் சபை கொடுப்பது. அமெரிக்காவில் ஒரு டொலர்த் தாள்களை அள்ளி நீட்டுவார்களாம். கனடா ஒரு டொலர்த் தாளை 1989இலும் இரண்டு டொலர்த் தாளை 1996இலும் நிறுத்திவிட்டது. ஆகச் சிறிய தாள் நீல நிற ஐந்து. நாணயத்தை மேடையில் எறிய முடியாது, ஆளுக்குப் படும். ஆகவே இங்கே கொடுப்பவர்கள் குறைவு, கொடுத்தால் ஐந்து. தாதி இரண்டு ஐந்து கொடுத்தார். நல்ல விக் ஒன்றின் விலைக்கு எத்தனை தாதிகள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அந்த மதுச்சாலையிலிருந்து பத்து நிமிட நடையில், யங் வீதியில், ஒரு பழைய மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. மணிக்கூட்டுக் கோபுரம் என்றாலே எனக்கு யாழ்ப்பாண முற்றவெளிப் பக்கம்தான் மனம் போகும். 1990இல் கனடா வந்து யங் வீதி உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிய காலத்தில் இந்தக் கோபுரத்தின் கீழேதான் இரவு பஸ்ஸுக்கு நிற்பேன். அது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீயணைப்பு நிலையத்தின் மிச்சம் என்பது தெரியும். அங்கே சென் சார்ள்ஸ் தவறணை என்று ஒன்று இருந்ததும், 1960களிலும் 70களிலும் ஹலோவீன் இரவுகளில் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதும் பிந்தித்தான் தெரியவந்தது. வருடத்தில் மற்ற நாட்களில் பெண் உடுப்போடு தெருவில் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும். ஹலோவீனுக்கு எல்லாரும் வேடம் போடுகிறார்கள், ஆகவே அன்று மட்டும் இறங்கலாம். டிராக் கலைஞர்கள் அலங்கரித்துக்கொண்டு தவறணைக்கு வருவார்கள். அதைப் பார்க்க வீதியில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். கையில் முட்டை, தக்காளி. வந்து இறங்குகிறவர்கள் மேல் எறிவார்கள். பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டியவர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டமும் சிரித்துக்கொண்டுதான் நின்றது.

அதே வேடம், அதே சிரிப்புச் சத்தம். ஒலிப்பதிவில் கேட்டால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நான் இதை ஒலி அமைப்பாளனாகவே சொல்கிறேன். சிரிப்பு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒலி காட்டாது. யார் கையில் மைக் இருக்கிறது என்பதுதான் காட்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்வார்கள்: “எங்கட கூத்தில, நாடகத்தில ஆம்பிளையள்தானே பொம்பிளை வேசம் கட்டினவை? எங்களுக்கு இது புதிசே?” சொல்வது முற்போக்கானவர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. காரணம் என் தகப்பன்.

அப்பா காங்கேசன்துறைப் பக்கம் ஒலிபெருக்கி கட்டுகிற வேலை செய்தவர். நடிகமணி வி.வி.வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ எங்கள் பக்கக் கோயில்களில் விடியவிடிய நடக்கும். நான் வயர்ச் சுருளின் மேல் படுத்திருந்து பார்த்திருக்கிறேன். சந்திரமதியாக வருகிறவரும் ஆண்தான். பிள்ளையைப் பாம்பு கடித்து, சுடலையில் கிடத்தி அழுகிற இடத்தில் ஊரே அழும். ஒருவரும் சிரித்ததை நான் காணவில்லை. ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு நாடகச் செற்றில் பெண் வேடம் கட்டிய ஒருவர், பகலில் சைக்கிளில் சந்தைக்குப் போவார். நடை கொஞ்சம் வேறு, கதை கொஞ்சம் வேறு. மதகில் குந்தியிருக்கிற பொடியள் விசிலடிப்பார்கள், அந்த மாதிரிச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல்நாள் இரவு அவருக்காக அழுதவர்களின் பிள்ளைகள். நானும் ஒருநாள் அந்த மதகில் இருந்தேன். விசில் அடிக்கத் தெரியாது, கை தட்டினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டு போனார்.

ஆகவே, எங்கள் மேடைக்கு இது புதிதில்லை என்பது உண்மை, எங்கள் தெருவுக்குப் புதிது என்பதும் உண்மை. போதாததற்கு, அந்த வேடத்தை ஆண்கள் கட்டியது பெண்களை மேடையில் ஏறவிடாத காரணத்தால். பெண்ணை வெளியே நிறுத்திய வழக்கத்தை எடுத்து இன்றைக்குத் தாராள மனத்துக்குச் சாட்சியாக வைப்பது எனக்குக் கூசுகிறது. ‘எங்கள் கலாசாரம் ஏற்காது’ என்கிற மற்றப் பக்கமும் சரியில்லை. இலங்கையில் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைக் கோவையில் உள்ளவை. அதைத் திருத்துவது அரசமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பூட்டை முதுசம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி என் சொந்தக் கணக்கு. எங்கள் ஊர்ச் சங்கங்களின் நத்தார், புதுவருட ஒன்றுகூடல்களில் ஒரு நிகழ்ச்சி கட்டாயம் இருக்கும். சங்கத்துச் செயலாளரோ பொருளாளரோ சேலை கட்டி, உள்ளே தோடம்பழம் இரண்டு வைத்து, கோணல் பொட்டோடு வருவார். நடந்து காட்டுவார். ஒருவர் மடியில் இருப்பார். தோடம்பழம் ஒன்று விழும். சபை வெடிக்கும். அந்த ஆள் வரும்போது போடுவதற்கென்று ஒரு சினிமாப் பாட்டு, நடையின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ‘டொய்ங்’ சத்தம், பிறகு பதிவுசெய்த சிரிப்பு. இவை மூன்றும் என் லப்டொப்பில் தனிக் கோப்பாக இருந்தன. பொத்தானை அமத்தினவன் நான். எத்தனை வருடம் என்று எண்ண விருப்பமில்லை. அந்தப் பகிடியில் செயலாளர் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முதலில் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார். பிறகு அப்படி நடக்கிற, அப்படிக் கதைக்கிற ஒருவரைப் பார்த்து. அந்த மண்டபத்தின் பின்வரிசையில் அப்படி நடக்கிற பொடியன் ஒருத்தன் தாய்க்குப் பக்கத்தில் இருந்திருப்பான். நிச்சயமாக இருந்திருப்பான், முந்நூறு பேர் உள்ள மண்டபத்தில். நத்தார்க்கால இரவில் வீட்டுக்குப் போகாமல் சேர்ச் வீதியில் பாடுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அன்றைக்கு என்னிடம் பாட்டுக் கேட்டுச் சீட்டு எழுதித் தந்தவர்களில் இரண்டு பேரின் பெயர் தமிழ்ப் பெயர். ஒருவன் என் முகத்தைப் பார்த்ததும் சீட்டைத் திருப்பி வாங்கப் பார்த்தான். “பரவாயில்லைத் தம்பி, என்ன சுருதி?” என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்த இரவின் படம் ஒன்று யாரோ போட்டு, அது வட்ஸ்அப்பில் சுற்றி வந்தது. நத்தார் மரத்துக்குப் பற்றரி மாட்டிவிடுகிற ஆளாக, கறுப்புச் சேட்டோடு நான். மார்ச்சில் இருந்த ஒரு சாமத்தியவீட்டு ஓடர் கைவிட்டுப் போனது. கூப்பிட்டுச் சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “அண்ணை, பிழையா நினையாதேங்கோ, வீட்டில பெரியாக்கள் ஒரு மாதிரி.” முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த மூன்று கோப்புகளையும் அழித்துவிட்டேன். போன மாதம் ஒரு சங்கத்திலிருந்து ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் எட்டாவதாகத் தோடம்பழம் இருந்தது. எட்டாவதுக்கு மட்டும் நான் ஒலி தர மாட்டேன், அந்தப் பத்து நிமிடம் கோப்பி குடிக்கப் போய்விடுவேன் என்றேன். “சவுண்ட்காரனுக்கு என்ன கருத்து?” என்று மறுமுனையில் யாரோ பின்னாலிருந்து சொன்னது கேட்டது. கேட்கட்டும் என்றே சொன்னார்களோ தெரியாது. கருத்து இருக்கிறது. பெண் வேடம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள். இரண்டரை மணித்தியாலம் செலவழித்து, புருவம் அழித்து, ஒழுங்காகக் கட்டுங்கள். கட்டிக்கொண்டு சபையில் வெட்கப்படுகிற மாமியைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்து பாடவையுங்கள். அதற்கு நான் காசில்லாமல் வருகிறேன், பற்றரியும் தருகிறேன். முடியாவிட்டால் முடிகிறவர்களைக் காசு கொடுத்துக் கூப்பிடுங்கள். தென்னிந்தியாவிலிருந்து பாடகர்களை விமானத்தில் இறக்குகிற சங்கங்களுக்குச் சேர்ச் வீதி சுரங்க ரயில் தூரம்தான். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு இரண்டு மணிக்குக் கடைசிப் பாட்டு. வயர் சுற்றி, பெட்டி ஏற்றி வீதிக்கு வர இரண்டே முக்கால். திருவெம்பாவைக் காலம், ஐந்து மணிக்கு ஸ்காபரோவில் ஒரு கோயிலுக்கு அதே பெட்டிகள் போக வேண்டும். மைக்கைக் கழற்றிக் காயவைக்க நேரமில்லை. வைத்தியசாலையில் பாவிக்கிற துடைப்புத்தாள் இரண்டு எடுத்து வானுக்குள் இருந்தே அழுத்தித் துடைத்தேன். போனது பாதி.

கோயிலில் திருவெம்பாவை பாடுகிறவ எண்பதை எட்டுகிற ஓர் அம்மா. குரல் முந்திய வருடத்தைவிட மெலிந்துவிட்டது, ஆனாலும் மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் பாடுவா. நான் கிட்ட வைக்க, தள்ளிவிடுவா. அன்றைக்கு மைக்கைக் கையில் எடுத்து, கண்ணாடியை உயர்த்தி, கம்பி வலையைப் பார்த்தா. எனக்கு வேர்த்தது.

“ஆரோ குங்குமக் கையோட பிடிச்சிருக்கினம் தம்பி” என்றா. “ஓம் அம்மா” என்றேன். தாங்கியில் ஒட்டியிருந்த பச்சை மினுக்குத்தூளை விரலால் தொட்டுப் பார்த்தா, அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மைக்கைத் தள்ளிவிடாமல் அப்படியே வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து, வலது காதுத் தோட்டை ஒருதரம் திருகிச் சரிசெய்தா.

என் கை தன்பாட்டில் எதிரொலிக் குமிழுக்குப் போனது.